டிஸ்னியிலிருந்து வெளியே வந்தார்... டிஸ்னியோடயே மோதி ஆஸ்கர் வாங்கினார்! - ஜான் ஹப்லியின் கதை

2025 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழா ஞாபகம் இருக்கா? சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருது ஒரு கறுப்புப் பூனைக்குப் போச்சு. ஒருபக்கம் பிக்ஸாரின் 'இன்சைட் அவுட் 2', இன்னொரு பக்கம் ட்ரீம்வொர்க்ஸின் 'தி வைல்ட் ரோபோட்'. ரெண்டுமே உலகம் முழுக்க வசூலை அள்ளிய படங்கள். ஆனா ஜெயிச்சது லாட்வியாவிலிருந்து வந்த 'ஃப்ளோ'. ஒரு வரி வசனம்கூட இல்லாத படம். யார் வேண்டுமானாலும் இலவசமா டவுன்லோடு பண்ணிக்கலாம் என்கிற 'ப்ளெண்டர்' மென்பொருளில் செஞ்சது.

பெரிய ஸ்டுடியோவை ஒரு சின்ன டீம் ஜெயிச்சிடுச்சேன்னு சோஷியல் மீடியாவே கொண்டாடுச்சு. ஆனா இந்தச் சண்டை புதுசில்லை. இதே மாதிரி ஒரு மோதல் 1960-லேயே நடந்திருக்கு. அன்னிக்கு எதிர்ப்பக்கம் இருந்தது வால்ட் டிஸ்னியும் வார்னர் பிரதர்ஸும். இந்தப் பக்கம் இருந்தவர், ஒரு காலத்தில் டிஸ்னியிடம் சம்பளம் வாங்கி பேக்ரவுண்டு வரைஞ்ச ஓவியர். பேரு ஜான் ஹப்லி.

'மிஸ்டர் மகூ' கார்ட்டூன் பார்த்திருக்கீங்களா? கண்ணு சரியா தெரியாம, கதவுன்னு நினைச்சு கண்டதுக்குள்ள எல்லாம் நுழைகிற அந்த வழுக்கைத் தலை பெரியவர்! அவரை உருவாக்கியதில் முக்கியமான ஆள் ஹப்லிதான். கதாபாத்திரம் உலகப் புகழ் ஆச்சு. உருவாக்கியவர் வாழ்க்கை வேற ரூட்டில் போச்சு.

ஸ்னோ ஒயிட் காலத்துப் பையன்

1914 மே 21. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மரினெட் என்கிற ஊரில் பிறந்தார் ஹப்லி. ஓவியம் படிக்க லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். 1935-ல் டிஸ்னி ஸ்டுடியோவில் வேலை கிடைச்சது. அப்போ அவருக்கு இருபதைத் தாண்டி ஒண்ணு ரெண்டு வயசுதான் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தில் அனிமேஷன்னாலே டிஸ்னிதான். கார்ட்டூன் குறும்படத்துக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பிச்சது 1932-ம் வருஷப் படங்களிலிருந்து. அன்னிலேருந்து 1939 வருஷப் படங்கள் வரைக்கும், தொடர்ந்து எட்டு வருஷம், அந்த விருது டிஸ்னியைத் தவிர வேற யாருக்கும் போகலை. மத்தவங்க போட்டியிடுவாங்க, டிஸ்னி வாங்கிட்டுப் போவார். அவ்வளவுதான்.

இதுல ஒரு விஷயத்தை மறந்துடக் கூடாது. டிஸ்னியும் ஒருகாலத்தில் சின்ன ஆள்தான். 1928-ல் அவர் உருவாக்கிய 'ஆஸ்வால்ட்' என்கிற முயல் கதாபாத்திரத்தின் உரிமை அவர் கையில் இல்லைன்னு தெரிஞ்சப்போ, முயலும் போச்சு, கூட வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலானவங்களும் போயிட்டாங்க. அந்த அடியிலிருந்து எழுந்துதான் மிக்கி மவுஸைக் கொண்டுவந்தார். உரிமை யார்கிட்ட இருக்குங்கிறது எவ்வளவு முக்கியம்னு அவரைவிட நல்லா தெரிஞ்சவர் யாரும் இல்லை.

ஹப்லி அங்கே பின்னணிக் காட்சிகள் வரைந்தார், ஃப்ரேமில் எது எங்கே இருக்கணும்னு திட்டமிடுகிற லே-அவுட் வேலை பார்த்தார். 'ஸ்னோ ஒயிட்', 'பினோக்கியோ', 'டம்போ', 'பாம்பி' எல்லாத்திலும் அவர் உழைப்பு இருக்கு. 'ஃபேன்டேஷியா' படத்தில் பூமி உருவாகி டைனோசர்கள் நடமாடுகிற பகுதி வருமே, அதன் கலை இயக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு.

வேலை நல்ல வேலைதான். ஆனா மனசுக்குள்ள ஒரு அரிப்பு. டிஸ்னி படங்களில் எல்லாமே நிஜம் மாதிரி இருக்கணும். மான்னா மானோட எலும்பு, தசை எல்லாம் படிச்சு வரையணும். ஹப்லிக்கோ பிக்காஸோ, மத்தீஸ் மாதிரி நவீன ஓவியர்கள் மேல் ஆசை. ஓவியம் ஓவியமாவே இருந்தா என்ன, அது எதுக்கு நிஜத்தைக் காப்பி அடிக்கணும் என்கிற கேள்வி அவருக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது.

கேட்டுக்கு வெளியே

1937 கடைசியில் 'ஸ்னோ ஒயிட்' ரிலீஸ் ஆகி பணத்தைக் கொட்டுச்சு. ராத்திரி பகலா உழைச்ச ஓவியர்கள் நமக்கும் ஏதாவது வரும்னு காத்திருந்தாங்க. எதிர்பார்த்த அளவுக்கு வரலை. பர்பேங்கில் புது ஸ்டுடியோ பிரமாண்டமா எழும்புச்சு. இன்னொரு பக்கம் ஐரோப்பாவில் போர் ஆரம்பிச்சு வெளிநாட்டு வசூல் படுத்துடுச்சு. ஒரே மாதிரி வேலை பார்க்கிறவங்களுக்குள்ளேயே சம்பளத்தில் ஏகப்பட்ட வித்தியாசம். படத்தோட டைட்டில் கார்டில் பலர் பேரே வராது.

ஓவியர்கள் சங்கம் சேர்ந்தாங்க. டிஸ்னிக்கு அது பிடிக்கலை. சங்கத்தின் பக்கம் நின்ற முன்னணி அனிமேட்டர் ஆர்ட் பாபிட் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1941 மே 29-ல் வேலைநிறுத்தம் வெடிச்சது. மிக்கி மவுஸை வரைஞ்ச கைகள் அதே ஸ்டைலில் போராட்டப் பலகைகளை வரைஞ்சு தூக்கிக்கிட்டு ஸ்டுடியோ கேட் முன்னாடி நின்னுச்சு. வாரக்கணக்கில் நீடித்த போராட்டம் அது. கடைசியில் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைச்சது. ஆனா டிஸ்னிக்கும் அந்த ஓவியர்களுக்கும் நடுவில் விழுந்த விரிசல் ஒட்டவே இல்லை.

வேலைநிறுத்தத்தில் நின்றவர்களில் ஹப்லியும் ஒருவர். திரும்ப உள்ளே போகலை.

இதுக்கப்புறம் கொலம்பியா நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவான ஸ்க்ரீன் ஜெம்ஸ், போர் வந்ததும் ராணுவ விமானப்படையின் படப்பிரிவு என்று ஓடினார். ராணுவத்துக்குப் பயிற்சிப் படம் எடுக்கிறதில் ஒரு வசதி இருந்துச்சு. பட்ஜெட் கம்மி, டைம் கம்மி. அதனால எளிமையா, தட்டையா, கோடுகளை வெச்சே கதை சொன்னா போதும். ஹப்லி ஆசைப்பட்டதும் அதுதானே!

மூணு வட்டம், ரெண்டு கோடு: யு.பி.ஏ

டிஸ்னியிலிருந்து வெளியேறிய ஸ்டீஃபன் போஸஸ்டோ, டேவிட் ஹில்பர்மேன், ஸாக்கரி ஷ்வார்ட்ஸ் மூணு பேரும் 1943-ல் ஒரு சின்ன நிறுவனம் ஆரம்பிச்சாங்க. அதுதான் பிறகு யு.பி.ஏ என்று பேர் வாங்கியது. ஹப்லி அதில் வந்து சேர்ந்தார்.

இங்கே ஒரு சின்ன கணக்கு. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு வெச்சாக்கூட நொடிக்கு 12 ஓவியம், நிமிஷத்துக்கு 720 ஓவியம் வேணும். அதுவும் ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு. டிஸ்னியால் அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியும். சின்ன டீம் என்ன பண்ணும்? எது அசையணுமோ அதை மட்டும் அசைய விட்டாங்க. பின்னணியில் நாலு கோடு, ஒரு கலர். பணம் இல்லாததால் வந்த முடிவுதான். ஆனா ஹப்லி மாதிரி ஆட்கள் கையில் அதுவே ஒரு ஸ்டைல் ஆச்சு. இன்னிக்கு நாம பார்க்கிற மோஷன் கிராஃபிக்ஸ், ஃப்ளாட் டிசைன் எல்லாத்துக்கும் தாத்தா முறை அது.

படம் எடுத்தாச்சு. தியேட்டருக்கு எப்படிக் கொண்டு போறது? கொல்லிமலை குண்டூர் நாட்டில் மிளகுக்கொடி வெச்சிருக்கிற எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வாங்க, விளைவிக்கிறது ஒரு வேலைன்னா, அதை நல்ல விலைக்கு மலையிலிருந்து கீழே இறக்குறது வேற வேலைன்னு. நடுவில் இருக்கிற வியாபாரி கையில்தான் பிடி இருக்கும். கார்ட்டூனுக்கு அந்த வியாபாரி, விநியோகஸ்தர். யு.பி.ஏ போய் நின்றது கொலம்பியா வாசலில். கொலம்பியா ஒரு கண்டிஷன் போட்டுச்சு. அவங்க கையில் ஏற்கெனவே இருந்த நரியும் காக்கையும் ஜோடியை வெச்சுதான் படம் பண்ணணும்.

ஹப்லி அதையும் செஞ்சார். 'ராபின் ஹூட்லம்', 'தி மேஜிக் ஃப்ளூக்' ரெண்டையும் இயக்கினார். ரெண்டுமே அடுத்தடுத்த வருஷங்களில் ஆஸ்கர் நாமினேஷன் வாங்குச்சு! ரெண்டிலும் விருது கிடைக்கலை. முதல் படத்தைத் தோற்கடிச்சது யார் தெரியுமா? நம்ம டாம் அண்ட் ஜெர்ரி! அந்தப் பூனையும் எலியும் மொத்தம் ஏழு ஆஸ்கர் வாங்கின ஜோடியாச்சே.

ஆனா கொலம்பியாவுக்கு நம்பிக்கை வந்துடுச்சு. விலங்குகளை விட்டுட்டு மனுஷனை வெச்சுப் பண்றோம்னு யு.பி.ஏ கேட்டது. 1949-ல் 'ராக்டைம் பேர்' வந்தது. அதில்தான் மிஸ்டர் மகூ முதல்முறையா திரைக்கு வந்தார். ஹப்லி தன்னோட மாமா ஒருவரின் குணத்தை அதில் சேர்த்திருந்தார். கண்ணு தெரியாததைவிட, தன் கருத்தைத் தவிர வேற எதையும் பார்க்க மறுக்கிற பிடிவாதம்தான் அந்தக் கதாபாத்திரத்தின் காமெடி.

அடுத்த வருஷம் பாபி கேனன் இயக்கிய 'ஜெரால்ட் மெக்பாயிங்-பாயிங்' யு.பி.ஏ-வுக்கு ஆஸ்கரே வாங்கிக் கொடுத்தது. மேற்பார்வை இயக்குநர் ஹப்லி. பேசுறதுக்குப் பதிலா சவுண்ட் எஃபெக்ட்டா கொடுக்கிற ஒரு சின்னப் பையனின் கதை.

1951-ல் ஹப்லி தன் மனசுக்குப் பிடிச்ச மாதிரியே ஒரு படம் செஞ்சார். 'ரூட்டி டூட் டூட்'. ஒரு கொலை வழக்கு, கோர்ட், ஜாஸ் இசை, கதாபாத்திரத்தின் மனநிலைக்கு ஏத்த மாதிரி மாறுகிற நிறம். கார்ட்டூனில் அதுவரைக்கும் யாரும் பார்க்காத விஷயம். அதுவும் ஆஸ்கருக்குப் போச்சு. இந்த முறையும் தட்டிட்டுப் போனது டாம் அண்ட் ஜெர்ரிதான்.

பேரைச் சொல்லு, வேலையை வெச்சுக்கோ

ஹப்லிக்கு வயசு 38. கரியர் உச்சத்தில் இருக்கிற நேரம். அப்போதான் அந்தக் காற்று அடிச்சது.

அமெரிக்காவில் அப்போ கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துக்கிட்டிருந்தது. நாடாளுமன்றக் கமிட்டி ஒண்ணு சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிச்சது. நீ கம்யூனிஸ்டா, உன்கூட யாரெல்லாம் இருந்தாங்க, பேரைச் சொல்லு. சொன்னா வேலை இருக்கும். சொல்லலைன்னா, எழுதப்படாத ஒரு கருப்புப் பட்டியலில் உன் பேர் சேரும். அப்புறம் எந்த ஸ்டுடியோவும் உள்ளே விடாது. 1947-லேயே வால்ட் டிஸ்னி அந்தக் கமிட்டி முன்னாடி போய், 1941 வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் கம்யூனிஸ்ட்கள் இருந்தாங்கன்னு சாட்சி சொல்லி, யு.பி.ஏ-வை ஆரம்பிச்ச மூவரில் ஒருவரான ஹில்பர்மேனின் பேரையும் சொல்லியிருந்தார்.

அந்த வளையம் யு.பி.ஏ-வையும் சுத்துச்சு. விநியோகஸ்தர் பக்கமிருந்து அழுத்தம். சந்தேகப் பட்டியலில் இருக்கிற ஆட்களை வெளியே அனுப்பு, இல்லைன்னா படம் தியேட்டருக்குப் போகாது. 1952-ல் ஹப்லி யு.பி.ஏ-வை விட்டு வெளியேற வேண்டியதாச்சு. மிஸ்டர் மகூ அங்கேயே தங்கிட்டார். உரிமை ஸ்டுடியோவிடம்தானே! அடுத்த சில வருஷங்களில் மகூ படங்கள் ரெண்டு ஆஸ்கர் வாங்குச்சு. உருவாக்கியவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை.

1956-ல் கமிட்டி அவரை நேரில் கூப்பிட்டு விசாரிச்சது. அவர் யாருடைய பேரையும் சொல்லலை.

கஞ்சி விளம்பரமும் கனவுப் படமும்

வேலை இல்லாதவர் என்ன செஞ்சார்? 'ஸ்டோரிபோர்டு' என்கிற பேரில் சொந்தமா ஒரு குட்டி ஸ்டுடியோ ஆரம்பிச்சார். டி.வி புதுசா வீடுகளுக்குள்ள வந்துக்கிட்டிருந்த நேரம். விளம்பரங்களுக்கு நல்ல மார்க்கெட். விளம்பரத்தில் யார் எடுத்ததுன்னு பேர் போடுறதில்லை. கருப்புப் பட்டியலில் இருக்கிறவருக்கு அதைவிட பாதுகாப்பான இடம் எது?

'மேப்போ' என்கிற ஓட்ஸ் கஞ்சிக்கு அவர் எடுத்த விளம்பரம் அமெரிக்காவில் பயங்கர ஹிட். கஞ்சி வேண்டாம்னு அடம்பிடிக்கிற ஒரு குட்டிப் பையன், கடைசியில் அதையே கேட்டு அழுவான். அந்தக் குரல், ஹப்லியின் மகன் மார்க் உடையது. நடிக்க வைக்கலை. குழந்தை எப்படிப் பேசுமோ அப்படியே பதிவு செஞ்சது.

இதுக்கு நடுவில் ஒரு பெரிய கனவு உடைஞ்சது. 'ஃபினியன்ஸ் ரெயின்போ' என்கிற மேடை நாடகத்தை முழுநீள அனிமேஷன் படமா எடுக்க ஹப்லி இறங்கினார். ஃபிராங்க் சினாட்ரா, எல்லா ஃபிட்ஜெரால்ட், லூயி ஆம்ஸ்ட்ராங்னு ஜாம்பவான்கள் பாடி ரெக்கார்டிங் முடிஞ்சாச்சு. ஸ்டோரிபோர்டு வரைஞ்சாச்சு. ஹப்லியின் அரசியல் பின்னணி மறுபடி பிரச்னை ஆச்சு. பணம் நின்னுச்சு. 1955-ல் படமும் நின்னுச்சு. டிஸ்னிக்கு வெளியே ஒரு முழுநீள அனிமேஷன் படம் எப்படி இருக்கும்னு காட்டியிருக்க வேண்டிய முயற்சி, பாட்டோடயும் ஓவியத்தோடயும் பெட்டிக்குள்ள போயிடுச்சு.

அதே 1955-ல் அவர் வாழ்க்கையில் இன்னொரு திருப்பம். ஃபெய்த் எலியட்டைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டார். ஃபெய்த் சினிமாவில் எடிட்டிங், ஸ்க்ரிப்ட் சூப்பர்வைசர் வேலைகள் பார்த்தவர். '12 ஆங்ரி மென்' படத்தில் ஸ்க்ரிப்ட் சூப்பர்வைசர் அவர்தான். ரெண்டு பேரும் நியூயார்க்கில் குடியேறி, கல்யாணத்தப்பவே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. வயித்துக்கு விளம்பரம் எடுப்போம். மனசுக்கு, யாருக்கும் பதில் சொல்லாத ஒரு படம் வருஷத்துக்கு ஒண்ணு எடுப்போம். ராத்திரிச் சாப்பாடு மட்டும் குழந்தைங்களோடதான்.

கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஒரு விளம்பரத்தின் லாபத்தை வீட்டு வாடகைக்கு வைக்காமல், யாரும் கேட்காத பத்து நிமிஷப் படத்தில் போடுறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு, ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறவங்களைக் கேட்டால் தெரியும்.

நிலாப் பறவை

அப்படி வந்த படங்களில் ஒண்ணுதான் 1959-ன் 'மூன்பேர்ட்'.

கதை என்ன? ரெண்டு குட்டிப் பசங்க நடுராத்திரியில் வீட்டை விட்டு நழுவி, ஒரு பறவையைப் பிடிக்கப் போறாங்க. அவ்வளவுதான்! வசனம் எழுதவே இல்லை. மகன்கள் மார்க்கும் ரேயும் விளையாடும்போது பேசினதை டேப்பில் பிடிச்சு, அந்தப் பேச்சைச் சுத்திப் படத்தை வரைஞ்சாங்க. குழந்தைகள் நடுவில் ராகம் போடுவாங்க, வார்த்தை தடுமாறும், பேச்சு வேற பக்கம் போயிடும். எல்லாம் அப்படியே இருக்கும். ஒரே ஃபிலிமில் ஓவியங்களை மேல மேல பதிவு செய்ததால் கதாபாத்திரங்கள் நிலா வெளிச்சம் மாதிரி கொஞ்சம் ஊடுருவித் தெரியும். பின்னால் இருக்கிற மரமும் இருட்டும் அவங்க உடம்பு வழியா லேசா எட்டிப் பார்க்கும். அனிமேட் செய்தவர், யு.பி.ஏ காலத்து நண்பர் பாபி கேனன்.

அந்த வருஷ கார்ட்டூன் ஆஸ்கர் போட்டியில் நாலு படம். டிஸ்னியின் 'நோவாஸ் ஆர்க்'. வார்னர் பிரதர்ஸின் 'மெக்ஸிகலி ஷ்மோஸ்'. அதான், வேகமா ஓடுற எலி ஸ்பீடி கொன்ஸாலஸ் படம். இன்னொரு சுயாதீனக் கலைஞர் எர்னஸ்ட் பின்டாஃப் எடுத்த 'தி வயலினிஸ்ட்'. நாலாவது, 'மூன்பேர்ட்'.

1960 ஏப்ரலில் முடிவு வந்தது. 'மூன்பேர்ட்'!

பெரிய ஸ்டுடியோக்களின் துணை இல்லாமல், சுயாதீனமா எடுத்த அனிமேஷன் குறும்படம் ஆஸ்கர் வாங்கியது அதுதான் முதல்முறைன்னு அனிமேஷன் வரலாறு குறிச்சு வெச்சிருக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி எந்த ஸ்டுடியோவும் சேர்த்துக்காத மனுஷன் கையில் அதே ஹாலிவுட்டின் தங்கச் சிலை.

ஒண்ணை மட்டும் சொல்லியாகணும். படத்தில் பாதி உழைப்பு ஃபெய்த்துடையது. ஆனா அந்த ஆஸ்கரில் பதிவானது ஜான் பேர் மட்டும். டைட்டில் கார்டில் பேர் வரணும்னு போராடி வெளியே வந்தவங்களின் உலகத்திலும் மனைவியின் பேர் வர இன்னும் கொஞ்ச காலம் பிடிச்சது. அடுத்த ஆஸ்கரில்தான் ரெண்டு பேர் பேரும் சேர்ந்து வந்தது.

ஒரு பள்ளத்துக்குள் ரெண்டு தொழிலாளிகள்

அந்த அடுத்த ஆஸ்கர், 1962-ன் 'தி ஹோல்'. நியூயார்க்கில் கட்டட வேலைக்காகத் தோண்டிய பள்ளம். அதுக்குள்ள ரெண்டு தொழிலாளிகள் வேலை பார்த்துக்கிட்டே பேசுறாங்க. விபத்துன்னா என்ன, அது தானா நடக்குதா, யாராவது கவனக்குறைவா இருந்ததால் நடக்குதா? பேச்சு அப்படியே அணுகுண்டு பக்கம் திரும்புது. யாரோ ஒருத்தர் தப்பா ஒரு பட்டனை அழுத்திட்டா?

குரல் கொடுத்தவர்கள் ஜாஸ் டிரம்பெட் மேதை டிஸி கில்லெஸ்பியும் நடிகர் ஜார்ஜ் மேத்யூஸும். வசனத்தை எழுதிக் கொடுக்காம, அவங்க போக்கில் பேச விட்டுப் பதிவு செஞ்சாங்க. அதே 1962 அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை விவகாரத்தில் உலகமே அணு ஆயுதப் போரின் விளிம்பு வரை போய்த் திரும்புச்சு. படம் எவ்வளவு சரியான நேரத்தில் வந்திருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. கார்ட்டூன்னா குழந்தைகளுக்கு மட்டும்தான்னு நினைச்சவங்களுக்கு அது ஒரு ஷாக்.

அந்த வருஷமும் போட்டியில் டிஸ்னி இருந்தார், வார்னரும் இருந்தது. ஜெயிச்சது ஹப்லி தம்பதி. 2013-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பட்டியலில் பாதுகாக்க வேண்டிய படமா 'தி ஹோல்' சேர்க்கப்பட்டது.

மூணாவது ஆஸ்கர் 1966-ம் வருஷப் படமான 'ஹெர்ப் ஆல்பெர்ட் அண்ட் தி டிஹுவானா பிராஸ் டபுள் ஃபீச்சர்' என்கிற இசைக் குறும்படத்துக்கு.

ரெண்டு காற்று, ஒரு ஆஸ்கர்

இனிதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

1966 டிசம்பர் 15-ல் வால்ட் டிஸ்னி காலமானார். அவர் உயிரோட இருந்தப்ப ஆரம்பிச்ச ஒரு படம் 1968-ல் வந்தது. 'வின்னி தி பூ அண்ட் தி ப்ளஸ்டரி டே'. பலமா காற்றடிக்கிற ஒரு நாளில் கரடிப் பொம்மை பூவும் நண்பர்களும் படுற பாடு.

அதே 1968-ல் ஹப்லியும் ஃபெய்த்தும் ஒரு படம் எடுத்தாங்க. பேரு 'விண்டி டே'. அதுவும் காற்றடிக்கிற ஒரு நாள்தான்! மகள்கள் எமிலியும் ஜார்ஜியாவும் விளையாடிக்கிட்டே கல்யாணம், காதல், சாவுன்னு பெரிய பெரிய விஷயங்களைக் குழந்தைத்தனமா பேசிக்குவாங்க. அந்த நிஜமான பேச்சுக்குத்தான் படம்.

ரெண்டும் ஒரே பிரிவில் ஆஸ்கருக்கு மோதுச்சு. ஒரு பக்கம், அழகா மெருகேற்றிய பெரிய ஸ்டுடியோ காற்று. இன்னொரு பக்கம், வீட்டு வாசலில் அடிச்ச காற்று. ஜெயிச்சது பூ. மறைந்த வால்ட் டிஸ்னியின் பேரில் அந்த விருது போச்சு. போட்டியிட்டு வாங்கிய ஆஸ்கர்களில் அவருக்கு அது 22-வது. இன்னிக்கு வரைக்கும் யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடலை.

இதை அநியாயம்னு சொல்லிட முடியாது. பூ படமும் நல்ல படம்தான். குழந்தைகள் இன்னிக்கும் பார்க்கிறாங்க. ஆனா 'விண்டி டே'யைப் பார்க்கிற குழந்தை, திரையில் தன் பேச்சையே கேட்கும். அந்த மாதிரி ஒரு படத்தை, ஆயிரம் பேர் வேலை பார்க்கிற இடத்தில், கதை மீட்டிங்கில் யாராவது அனுமதிப்பாங்களா? சந்தேகம்தான். சின்ன டீமோட பலமே அங்கேதான் இருக்கு.

அடுத்த வருஷமும் ஹப்லி தம்பதியின் 'ஆஃப் மென் அண்ட் டீமன்ஸ்' போட்டிக்குப் போய், டிஸ்னி படத்திடமே தோத்தது. 1974-ன் 'வாயேஜ் டு நெக்ஸ்ட்' நாமினேட் ஆனப்போ கூடவே இன்னொரு வின்னி தி பூ படமும் இருந்தது. ஆனா ஜெயிச்சது ரெண்டும் இல்லை. களிமண்ணில் செஞ்ச 'க்ளோஸ்ட் மண்டேஸ்' என்கிற இன்னொரு சுயாதீனப் படம். ஹப்லி திறந்து வெச்ச கதவு வழியா மத்தவங்களும் வர ஆரம்பிச்சிருந்தாங்க.

கடைசிப் போட்டியில் ஒரு குஜராத்தி

1970-களில் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சிக்குக் குட்டிக் குட்டிப் படங்கள் எடுத்துக் கொடுத்தார் ஹப்லி. முழுநீளப் படம் எடுக்கணும்கிற ஆசைக்கு 'வாட்டர்ஷிப் டவுன்' மூலமா இன்னொரு வாய்ப்பு வந்தது. முயல்களின் கதை. தயாரிப்பாளரோட கருத்து வேறுபாடு வந்து பாதியிலேயே நீக்கப்பட்டார். 1978-ல் வெளியான அந்தப் படத்தின் ஆரம்பத்தில், உலகம் எப்படித் தோன்றியதுன்னு சொல்கிற பகுதி மட்டும் தனி ஓவிய பாணியில் இருக்கும். அது ஹப்லியின் கைவண்ணம்.

பிறகு கேரி ட்ரூடோவின் 'டூன்ஸ்பரி' காமிக்ஸை டி.வி ஸ்பெஷலா எடுக்க ஆரம்பிச்சாங்க. வேலை நடந்துக்கிட்டிருக்கும்போதே, 1977 பிப்ரவரி 21-ல், இதய அறுவை சிகிச்சையின்போது ஹப்லி காலமானார். வயசு 62.

படத்தை ஃபெய்த்தும் ட்ரூடோவும் முடிச்சாங்க. 'எ டூன்ஸ்பரி ஸ்பெஷல்' ஆஸ்கருக்கு நாமினேட் ஆச்சு. அந்த வருஷப் பட்டியலில் இன்னொரு பேர் நமக்கு முக்கியம். இஷு படேல். குஜராத்தில் பிறந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து கிளம்பி, கனடாவின் நேஷனல் ஃபிலிம் போர்டுக்குப் போன கலைஞர். ஆயிரக்கணக்கான பாசிமணிகளைக் கையால் நகர்த்தி நகர்த்தி அவர் செஞ்ச 'பீட் கேம்' படமும் அதே போட்டியில் இருந்தது. விருது ரெண்டு பேருக்கும் கிடைக்கலை. கனடாவின் 'தி சேண்ட் கேஸில்' வாங்குச்சு. ஆனா அந்த வருஷப் பட்டியலைப் பாருங்க, டிஸ்னியும் இல்லை, வார்னரும் இல்லை!

இந்தியாவுக்கு அனிமேஷன் பாடம் வந்த வழியும் இதோட ஒட்டின கதைதான். 1956-ல் டிஸ்னியில் வேலை பார்த்த க்ளேர் வீக்ஸ் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம்ம ஊர் ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு இந்திய அனிமேஷனின் தந்தைன்னு பேர் வாங்கிய ராம் மோகன் அங்கே பயிற்சி எடுத்தவர்தான்.

விருதுக்கு அப்புறம்

ஃபெய்த் அந்த ஒப்பந்தத்தை விடலை. கணவர் போன பிறகும், 2001-ல் தான் மறையும் வரைக்கும், தனியா படம் எடுத்துக்கிட்டே இருந்தார். மகள் எமிலியும் அனிமேட்டர் ஆனார். ஜார்ஜியா, 'யோ லா டெங்கோ' என்கிற இசைக்குழுவின் டிரம்மர்.

ஹப்லியின் கணக்கைக் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, சொந்தமா நின்ன பிறகு மூணு ஆஸ்கர். இழந்தது ஒரு வேலை, உலகப் புகழ் பெற்ற ஒரு கதாபாத்திரம், ரெண்டு முழுநீளப் படங்கள். டிஸ்னியின் 22 பக்கத்தில் மூணு சின்ன எண்தான். ஆனா அந்த மூணும் வாங்கின விதம் வேற. யார் பேரையும் காட்டிக் கொடுக்காம, கஞ்சி விளம்பரத்தில் சம்பாதிச்சு, பிள்ளைங்க பேச்சை டேப்பில் பிடிச்சு வாங்கினது.

அன்னிக்கு அவருக்கு கேமரா, ஃபிலிம், லேப், விநியோகஸ்தர்னு எல்லாத்துக்கும் யாரோட தயவாவது வேண்டியிருந்தது. இன்னிக்கு 'ஃப்ளோ' எடுத்த அதே மென்பொருள் எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி குண்டூர் நாட்டில் இருக்கிற ஒரு லேப்டாப்பிலும் இறங்கும். கருவி சமமாகிடுச்சு. விநியோகம் இன்னும் சமமாகலை. ஓ.டி.டி-யும் அல்காரிதமும் புது வியாபாரிகளா வந்து நடுவில் உட்கார்ந்திருக்கு.

அடுத்த ஆஸ்கர் லிஸ்ட் வரும்போது, பெரிய பேர்களுக்கு நடுவில் கேள்விப்படாத ஒரு பேர் இருந்தா கொஞ்சம் நின்னு பாருங்க. இன்னிக்கு ராத்திரி பத்து நிமிஷம் கிடைச்சா 'மூன்பேர்ட்'டைத் தேடிப் பாருங்க. ஹெட்போன் போட்டுக்கோங்க. அந்த ரெண்டு பசங்களும் பேசுறது, உங்க வீட்டுக் குட்டீஸ் பேசுற மாதிரியே இருக்கும்.